வீடு இன்னும் தாளில்தான் இருக்கிறது

ஜனவரி 18

நான்கு படுக்கையறை, பெரிய கூடம் என்று எழுதிக்கொண்டு போன பட்டியலைக் கட்டடக் கலைஞர் மடித்து ஓரமாக வைத்துவிட்டார். காலையில் முதலில் எழுவது யார், துவைத்த துணி எங்கே காய்கிறது, அத்தையால் மாடி ஏற முடியுமா என்று கேட்டுக்கொண்டே போனார். நில அளவைப் படமும் மண் பரிசோதனை அறிக்கையும் வேண்டுமாம். "ஒரு கோடுகூடப் போடவில்லையே" என்று என் கணவர் வழியெல்லாம் முணுமுணுத்தார். எனக்கென்னவோ, துணியைப் பற்றி விசாரிப்பவரை நம்பி வீட்டை ஒப்படைக்கலாம் என்று தோன்றியது.

பிப்ரவரி 9

முதல் தரைப்படம் வந்தது. 1:100 அளவு, தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு மீட்டர். வீட்டை மார்பு உயரத்தில் கிடையாக வெட்டி மேலிருந்து பார்ப்பதுபோல வரைவார்களாம். அறைகளின் பரப்பைக் கூட்டிப் பார்த்த என் கணவர், மீதி இடம் எங்கே போயிற்று என்றார். சுவர்களுக்கும் நடைவழிக்கும் படிக்கட்டுக்கும் போயிருந்தது. அவர் பார்வை படிக்கட்டின் மேல் விழுந்தது அப்போதுதான்.

மார்ச் 2

எதிர்பார்த்தபடி, படிக்கட்டுச் சண்டை. செங்குத்தாக்கினால் இடம் மிஞ்சும் என்பது என் கணவரின் கட்சி. கலைஞர் பென்சிலை எடுத்தார். தளத்துக்குத் தளம் 3 மீட்டர். அதை 18 படியாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் உயரமும் ஏறத்தாழ 167 மில்லிமீட்டர். கால் வைக்கும் அகலம் 280. உயரத்தை இரட்டித்து அகலத்தைக் கூட்டினால் 600க்கும் 640க்கும் இடையில் வரவேண்டும், எங்களுக்கு 614. மனிதர் எடுத்துவைக்கும் அடியின் நீளத்தைக் கொண்டு 17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா ப்ளோந்தேல் வகுத்த கணக்கு இது. 15 படியாகக் குறைத்தால் ஒவ்வொன்றும் 200 மில்லிமீட்டர் உயரமாகிவிடும்.

அதுவரை பேசாமலிருந்த அத்தை, "எனக்குக் கீழேயே அறை வந்துவிட்டது. படியை உன் முழங்காலை நினைத்துப் போடு. அதுவும் ஒருநாள் என்னுடையதைப் போலத்தான் ஆகும்" என்றார் மகனிடம். படி 18தான்.

அத்தையின் அறைக் கதவு 900 மில்லிமீட்டர். குளியலறை வாசலில் கால் தடுக்கும் படி இல்லை. சக்கர நாற்காலி திரும்ப 1500 மில்லிமீட்டர் விட்டமுள்ள இடம். அத்தைக்குச் சக்கர நாற்காலி என்ற சொல்லே பிடிக்கவில்லை. இடம் மட்டும் இருக்கட்டும் என்றார்.

மார்ச் 23

மேற்கு ஜன்னலைச் சிறிதாக்கினோம். மாலை வெயில் தாழ்வாக வருவதால் மேலே நீட்டும் தளம் அதைத் தடுக்காதாம். மாடிக் குளியலறை கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே நகர்ந்தது. குழாய்கள் ஒரே வழியில் இறங்கும்.

ஏப்ரல் 6

கட்டமைப்புப் பொறியாளர் கூடத்தின் நடுவே ஒரு தூணைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். எடுத்துவிட்டால் 6 மீட்டர் இடைவெளியை ஒரே உத்தரம் தாங்கவேண்டும். அது கூரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் கீழே இறங்கி நிற்கும். பொறியாளரும் கலைஞரும் எங்களை மறந்து வாதாடினார்கள். கடைசியில் தூண் ஒதுங்கிப் புத்தக அலமாரிக்குள் புகுந்தது. கூடம் கொஞ்சம் குறுகியது. எனக்கு வருத்தமில்லை, கணவரை இன்னும் கேட்கவில்லை.

ஏப்ரல் 27

மின் இணைப்புப் படம். படிக்கட்டின் கீழும் மேலும் இருவழி சுவிட்ச். படுக்கையறை மட்டும் வெறுமையாக இருக்கிறது. கட்டிலின் தலைமாடு எந்தச் சுவர் என்று தெரியாமல் சுவிட்ச் குறிக்க மாட்டேன் என்கிறார் கலைஞர். நாளை மாலைக்குள் சொல்லவேண்டும். என் கணவர் ஜன்னல் பக்கம் என்கிறார்; நான் எதிர்ச்சுவர் என்கிறேன்.