எந்த நெஸ்?

நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த முன்னோரைத் தேடப் போகிறீர்களா? அவர் எந்தச் சேகரத்தை, அதாவது எந்த ஆலயத்தின் பொறுப்பிலிருந்த வட்டாரத்தை, சேர்ந்தவர் என்பது உறுதியாகும்வரை யாருக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். என் மாமியார் கொடுத்தார். வம்சாவளி தேடித் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனம், பளபளக்கும் அட்டை போட்ட அறிக்கையை அனுப்பிவைத்தது. அவருடைய கொள்ளுத்தாத்தா ஓலே, ரூமெரிக்கே பகுதியிலுள்ள நெஸ் சேகரத்தில் பிறந்தார் என்றது அறிக்கை. குடும்பக் கூடுகைக்கான மலரில் அதை அப்படியே அச்சடித்தார்கள். மினசோட்டாவிலும் வட டகோட்டாவிலும் இருக்கும் உறவினர் அத்தனை பேர் வீட்டிலும் அந்த மலர் இப்போது இருக்கிறது.

எனக்கு முதல் சந்தேகம் கல்லறையில் வந்தது. கல்லில் பொறித்திருக்கும் பிறந்த நாள் மார்ச் மாதம். அறிக்கையிலிருக்கும் குழந்தை பிறந்தது மே மாதம். கேட்டதற்கு, "அந்தக் காலத்துக் குடியேறிகளுக்குத் தங்கள் பிறந்த நாள் சரியாகத் தெரியாது" என்று பதில் எழுதினார்கள். எரிச்சலாக வந்தது. நான் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவள். சபைப் பதிவேடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். 1736 முதல் நார்வேயில் திடப்படுத்தல், அதாவது விசுவாசத்தைச் சபை முன்னால் உறுதிசெய்யும் சடங்கு, கட்டாயமாக இருந்தது. பதினான்கு, பதினைந்து வயதில் போதகர் முன்னால் நின்றபோது பிறந்த தேதி பதிவேட்டில் ஏறியிருக்கும். வயதில் ஓராண்டு முன்பின் சொல்லியிருக்கலாம். பிறந்த நாளையே மறந்திருப்பார்கள் என்பதை நம்ப முடியாது.

சரி, அறிக்கைக்கு நெஸ் என்ற பெயர் எங்கிருந்து கிடைத்தது? குடிபெயர்வுப் பதிவேட்டிலிருந்து. கிறிஸ்தியானியா, அதாவது இன்றைய ஓஸ்லோ காவல்துறை, கப்பலேறுகிறவர்களின் பெயர்களை 1867 முதல் எழுதி வைத்திருக்கிறது. ட்ரொண்ட்ஹைமிலும் அதே ஆண்டிலிருந்து இருக்கிறது. பெர்கனில் 1874 முதல். டிக்கெட் விற்கும் முகவர்களிடம் ஏழைகள் ஏமாறாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. பெயர், வயது, ஊர், போகுமிடம், கப்பல் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். எங்கள் ஓலேயின் வரியில் ஊருக்கு நேரே வெறும் 'நெஸ்' மட்டும்தான். மாவட்டம் இல்லை, வேறு குறிப்பும் இல்லை.

நார்வே வரைபடத்தைத் திறந்தால் நெஸ் என்ற பெயர் திரும்பிய பக்கமெல்லாம் இருக்கிறது. பண்ணைகளை விட்டுவிட்டுச் சேகரங்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், ஓஸ்லோவுக்கு வடகிழக்கே ரூமெரிக்கேயில் ஒன்று, மியோசா ஏரிக்கரையில் ஹெட்மார்க்கில் ஒன்று, வடமேற்கே ஹாலிங்டால் பள்ளத்தாக்கில் ஒன்று. அந்த நிறுவனம் தேடலில் முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு, அதே பெயரும் ஏறத்தாழ அதே வயதும் உள்ள ஒரு குழந்தையைக் கண்டதும் வேலையை முடித்துவிட்டது.

பெயரை வைத்துப் பிடித்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொண்டு வளர்ந்த நமக்கு இந்த முறை சுலபமாகப் புரியும். க்னூட் என்பவரின் மகன் க்னூட்சன், மகள் க்னூட்ஸ்டாட்டர். மனைவி கல்யாணத்துக்குப் பிறகும் தன் அப்பா பெயரோடுதான் இருப்பார். அதற்குப் பின்னால் வருகிற பண்ணைப் பெயர் வெறும் விலாசம். வேறு பண்ணைக்குக் குடிபோனால் அதுவும் மாறும். நிலையான குடும்பப்பெயர் வேண்டும் என்று சட்டம் வந்தது 1923இல்தான். ஒரே சேகரத்தில், ஒரே ஆண்டில், ஓலே க்னூட்சன் என்ற பெயரில் பலர் இருப்பது சாதாரணம். எங்கள் ஓலே அமெரிக்கா வந்து ஹவுகன் என்ற பண்ணைப் பெயரை வைத்துக்கொண்டார். அதே பெயரில் அங்கே எத்தனை ஹவுகன்கள் என்று எண்ணப் போனால் பைத்தியம் பிடித்துவிடும்.

ஆகவே தேடலை அமெரிக்கப் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அமெரிக்காவின் 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியேறிய ஆண்டு இருக்கிறது. அதில் சிக்கல் எதுவும் வரவில்லை. அடுத்தது குடியுரிமைக் காகிதம். அதற்காக ஒரு மாவட்ட நீதிமன்ற அலுவலகத்துக்குப் பனியில் வண்டியோட்டிக்கொண்டு போனேன். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பெண்மணி நான் சொல்லி முடிக்கும்வரை கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு, பழைய காகிதங்கள் எல்லாம் எப்போதோ செயின்ட் பாலிலுள்ள மாநில வரலாற்றுச் சங்கத்துக்குப் போய்விட்டன என்றார். முந்தைய வாரம் இதே அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது "நேரில் வாருங்கள்" என்றவர்களும் இவர்கள்தான். அதைச் சொன்னேன். "நான் பேசவில்லையே" என்று பதில் வந்தது.

செயின்ட் பாலில் காகிதம் கிடைத்தது. அங்கிருந்தவர்கள் அவ்வளவு அன்பாக நடந்துகொண்டார்கள். ஆனால் அந்தக் காகிதத்தில் இருந்ததெல்லாம், ஸ்வீடனுக்கும் நார்வேக்கும் அரசராகிய ஆஸ்காருக்கு இனி விசுவாசமாக இருக்க மாட்டேன் என்ற உறுதிமொழியும் ஒரு கோணல் கையெழுத்தும்தான். 1905வரை இரண்டு நாட்டுக்கும் ஒரே அரசர். ஊர்ப் பெயர் எங்கும் இல்லை. 1906 சட்டத்துக்குப் பிறகு வந்த படிவங்களில்தான் பிறந்த இடம் போன்ற விவரங்களைக் கேட்டார்கள். உங்கள் முன்னோர் அதற்கு முன்னால் குடியுரிமை பெற்றவர் என்றால் இந்தப் படியில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

வழி திறந்தது சபையில்தான். குடியேறிய நார்வேக்காரர்கள் முதலில் கட்டியது லுத்தரன் ஆலயங்களை. அவற்றின் பதிவேடுகளையும் பல இடங்களில் முதல் உலகப் போர்க் காலம்வரை நார்வே மொழியிலேயே எழுதினார்கள். சொந்த நாட்டில் எந்தச் சேகரம் என்று கேட்டு எழுதும் பழக்கம் அந்தப் போதகர்களுக்கு இருந்தது. ஓலே சேர்ந்திருந்த சிற்றூர் ஆலயத்தில் பழைய புத்தகம் இருப்பது உறுதியானது. ஆனால் அது இரும்புப் பெட்டிக்குள், பெட்டியின் சாவி பொருளாளரிடம், பொருளாளரோ குளிருக்குப் பயந்து அரிசோனா போயிருந்தார். வசந்தம் வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தேன். வேறென்ன செய்ய?

பனி உருகிய பிறகு பொருளாளர் திரும்பினார். பெட்டியைத் திறந்துவிட்டு, என் பின்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஓலேயின் திருமணப் பதிவில் பிறந்த இடத்துக்கான கட்டத்தில் இரண்டே சொற்கள்: நெஸ், அதற்குப் பக்கத்தில் 'ஹால்.' என்ற சுருக்கம். ஹாலிங்டால்! நான் போட்ட சத்தத்தில் பொருளாளர் பயந்துவிட்டார்.

இதிலிருந்து சொல்ல வேண்டியது ஒன்று: கூடுமானவரை மூலப் புத்தகத்தைப் பாருங்கள். இந்த ஆலயத்தின் பதிவுகளை யாரோ ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பட்டியல் ஒன்று ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. அதில் வெறும் நார்வே என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டல்ஆர்கிவெட் தளம். கட்டணம் கிடையாது. சபைப் பதிவேடுகள், கணக்கெடுப்புகள், குடிபெயர்வுப் பதிவேடுகள் எல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கலாம். இவ்வளவையும் இலவசமாக வைத்திருக்கும்போது, மாமியார் செலவழித்த தொகை நினைவுக்கு வந்து வயிறு எரிந்தது. தேடும்போது எழுத்துக்கூட்டலில் பிடிவாதம் வேண்டாம். ஓலே, ஓலா, ஓலாவ் எல்லாம் ஒருவரே ஆகலாம். க்னூட் என்பதன் கடைசி எழுத்து ஒரு பக்கத்தில் ஒன்றாகவும் அடுத்த பக்கத்தில் வேறாகவும் இருக்கும். பெயரில் சந்தேகமான எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடினால் பாதித் தொல்லை தீரும்.

1875 கணக்கெடுப்பில் குடும்பம் முழுசாகக் கிடைத்தது. அப்பா க்னூட் சொந்த நிலமில்லாதவர். பெரிய பண்ணை ஒன்றின் ஓரத்தில் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாகப் பண்ணையில் உழைத்துக் கொடுத்த குடியானவர். அந்தக் கணக்கெடுப்பில் ஆட்களோடு ஆடுமாடுகளையும் விதைப்பையும் எண்ணியிருக்கிறார்கள். பசு ஒன்று, செம்மறியாடு நான்கு, விதைத்த உருளைக்கிழங்கு இரண்டு பீப்பாய், வீட்டில் எட்டு வாய். ஓலே ஏன் கப்பலேறினார் என்று மலரில் ஒரு பக்கம் முழுக்க வீரதீரமாக எழுதியிருந்தார்கள். இந்த ஒரு வரி போதும்.

ஞானஸ்நானப் பதிவுதான் படுத்திவிட்டது. பழைய கோதிக் கையெழுத்து; போதகரின் பேனா வேறு மை கக்கியிருந்தது; பண்ணைப் பெயர் இருக்க வேண்டிய ஓரம் கட்டுக்குள் போய்விட்டது. இங்கே ஒரு வழி இருக்கிறது. பல சேகரங்களில் போதகரின் பதிவேட்டைத் தவிர, ஆலய உதவியாளர் வைத்திருந்த இரண்டாவது பதிவேடும் உண்டு. ஒன்று தீயில் போனால் மற்றது மிஞ்சட்டும் என்ற ஏற்பாடு. அதைத் திறந்தேன். புண்ணியவான், முத்து முத்தாக எழுதியிருந்தார். பிறந்த தேதி, கல்லறையிலிருந்த அதே மார்ச் நாள்.

ஆனாலும் அங்கேயே நிறுத்தவில்லை. ஒரு பிறப்புப் பதிவு கிடைத்ததும் துள்ளிக் குதிக்காமல், அடுத்த பத்தாண்டுகளின் அடக்கப் பதிவுகளைப் புரட்டிப் பாருங்கள். அந்தக் காலத்தில் எத்தனையோ குழந்தைகள் தங்கவில்லை. எங்கள் ஓலேயின் பெயர் அங்கே இல்லை. திடப்படுத்தல் பட்டியலில் இருந்தது: அதே பிறந்த நாள், அதே பெற்றோர், அம்மை குத்திய தேதிகூட இருந்தது. 1810 முதல் அம்மைப்பால் வைத்த சான்று இல்லாமல் திடப்படுத்தலும் இல்லை, கல்யாணமும் இல்லை என்று விதி இருந்தது. பக்கத்திலேயே வேதபாட அறிவுக்குப் போதகர் போட்ட மதிப்பீடும் இருக்கிறது. 'மிக நன்று' என்றெல்லாம் இல்லை; ஏதோ பரவாயில்லை என்ற அளவில் ஒன்று. இதை மாமியாரிடம் சொன்னபோது சற்று முகம் சுருங்கினார். மலரில் ஓலேயைப் பெரிய பக்திமான் என்று எழுதியது மாமியார்தான்.

கடைசியாக, வெளியேறியவர்கள் பட்டியல். சேகரத்தை விட்டுப் போகிறவர்கள் போதகரிடம் சான்று வாங்குவார்கள். அது பதிவேட்டின் பின்பகுதியில் தனியாக ஏறும். எல்லோரும் சொல்லிக்கொண்டு போனார்கள் என்று நம்பாதீர்கள். ஆனால் ஓலே சொல்லிக்கொண்டுதான் போயிருக்கிறார். 1881, வசந்த காலம், போகுமிடம் அமெரிக்கா. அடுத்த ஆண்டு 1882இல்தான் குடிபெயர்வு உச்சத்துக்குப் போனது. ஏறத்தாழ 29,000 பேர். கூட்டத்துக்கு ஓராண்டு முன்னால் போய்விட்டார். அவர் பெயருக்கு மேலும் கீழும் பக்கத்துப் பண்ணை ஆட்கள். அதே பெயர்கள் கிறிஸ்தியானியா காவல்துறைப் பதிவேட்டிலும் அவரோடு ஒரே நாளில், ஒரே கப்பலில், ஒரே ஊருக்கு டிக்கெட் எடுத்தவர்களாக வரிசையாக நிற்கின்றன. அறிக்கை எழுதியவர் அந்த ஒரு வரியைத் தாண்டி இரண்டு வரி மேலே பார்த்திருந்தால், எந்த நெஸ் என்பது அப்போதே தெரிந்திருக்கும். நீங்கள் தேடும்போது உங்கள் ஆளோடு நிற்காமல் கூட வந்தவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊரே சேர்ந்து கிளம்பியிருப்பார்கள்.

மனம் ஆறாமல் ரூமெரிக்கேயின் நெஸ்ஸையும் ஒரு கை பார்த்தேன். அறிக்கையிலிருந்த அந்த மே மாதக் குழந்தை நான்கு வயதில் இறந்திருக்கிறது. அடக்கப் பதிவு அதே புத்தகத்தில், சற்றுத் தள்ளி இருக்கிறது. வழக்கப்படி அடுத்துப் பிறந்த மகனுக்கும் ஓலே என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் 1900 கணக்கெடுப்பில் மனைவி மக்களோடு அதே இடத்தில் இருக்கிறார். எங்கள் மலரில் தாத்தா என்று போட்டுக் கும்பிட்டது, அமெரிக்காவைக் கண்ணால் காணாத ஒரு நான்கு வயதுப் பிள்ளையை.

இத்தனையையும் படங்களோடு அந்த நிறுவனத்துக்கு அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். கிடைத்த சான்றுகளின் அடிப்படையில் நியாயமான முடிவைத்தான் தந்தோம் என்று பதில் வந்தது. கூடவே, அடுத்த முன்னோருக்கான தேடலில் தள்ளுபடி தருவதாக ஒரு கூப்பன். மாமியாரின் தாய்வழி ஸ்டவாங்கர் பக்கம். 1825 ஜூலையில் 'ரெஸ்டவுராஷன்' என்ற சிறு கப்பல் முதல் குடியேறிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டதே, அதே துறைமுகம். அங்கே 1903க்கு முந்தைய காவல்துறைப் பதிவேடுகள் இல்லை. சபைப் புத்தகங்களின் வெளியேறியவர் பட்டியலை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டித்தான் ஆக வேண்டும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் மாமியார் அந்தக் கூப்பனைக் கிழித்துப் போடாமல், காந்தம் வைத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். அதன் காலக்கெடு முடிகிறவரை எனக்கு நிம்மதியில்லை.