ஸ்காட்லாந்து மலையில் நாகப்பட்டினத்து வாசல்

முதலில் டாக்சி விஷயம். ஆல்னஸ் ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்குச் சில மைல்தான். அதற்கு 25 பவுண்டு வாங்கிவிட்டார், மீட்டரும் போடவில்லை. இன்வர்னஸிலிருந்து வந்த ரயிலுக்குக்கூட நான் அவ்வளவு கொடுக்கவில்லை. அன்றைய மொத்தச் செலவுக்கே 50 பவுண்டுதான் வைத்திருந்தேன்.

ஆனாலும் போயே ஆக வேண்டும். நான் நாகப்பட்டினத்துக்காரன். 453 மீட்டர் உயர ஃபைரிஷ் மலை உச்சியில் நிற்பது எங்கள் ஊர்க் கோட்டை வாசலின் சாயலில் கட்டிய நினைவுச்சின்னம். 1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த ஆங்கிலேயத் தளபதி சர் ஹெக்டர் மன்றோ, மறுவருஷமே இங்கே தன் நோவார் எஸ்டேட்டில் கட்ட வைத்தது.

பைன் காடு தாண்டியதும் காற்று ஆளைத் தள்ளியது. கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன். பூச்சே இல்லாத சொரசொரப்பான கல், இடுக்கெல்லாம் வெளுத்த பாசி. வளைவும் தூணும் மட்டும்தான், பின்னால் கட்டடம் கிடையாது. வளைவு வழியாகக் கீழே க்ரொமார்ட்டி கடற்கழியும் அதில் நிற்கும் எண்ணெய்க் கிணற்று மேடைகளும் தெரிகின்றன. அங்கேயே நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். “நம்ம ஊர்ல இது எந்தப் பக்கம்டா இருந்துச்சு?” என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பஞ்சத்தில் கிடந்த ஜனங்களுக்குக் கூலி கொடுக்கத்தான் மன்றோ இதைக் கட்டினார், வேலை நீளட்டும் என்று கல்லை உச்சியிலிருந்து உருட்டிவிட்டு மறுபடி தூக்கச் சொன்னார் என்று அங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது தர்மமாகப் படவில்லை. சம்பளம் கேட்டுக் கலகம் செய்த கம்பெனிச் சிப்பாய்களில் 24 பேரை 1764இல் பீரங்கி வாயில் கட்டிச் சுட வைத்தவர் இவர். அதே வருஷம் பீகாரில் நடந்த பக்சார் போரில் ஜெயித்தார், அப்புறம் 1768 முதல் 1802 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்.

1780இல் பொள்ளிலூரில் மைசூரின் ஹைதர் அலி, கம்பெனித் தளபதி பெய்லியின் படையைத் துவம்சம் செய்தபோது, பக்கத்தில் காஞ்சிபுரத்தில்தான் மன்றோ இருந்தார். உதவிக்குப் போய்ச் சேரவில்லை. பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அந்த அவமானத்தை மறைக்கத்தான் ஊருக்கெல்லாம் தெரிகிற உயரத்தில் நாகப்பட்டினத்து வாசல் வேண்டியிருந்தது என்றே நினைக்கிறேன்.

திரும்பும்போது டாக்சி கூப்பிடவில்லை. ஆல்னஸ் வரை நடந்தே வந்து, ஒரு சின்னக் கடையில் பருப்பு சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டேன். மிளகு தூக்கலாக, ஆவி பறக்க, 5 பவுண்டு. இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே அதுதான் நன்றாக இருந்தது. ஃபைரிஷ் போகிறவர்கள் காற்றுக்குத் தாங்கும் கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், டாக்சி ஏறும் முன்பே காசைப் பேசிவிடுங்கள்.