முட்டி போட்டவனும், எழுந்து நின்ற நாங்களும்

எங்கள் ஊரில் முட்டி போடுவது என்றால் தண்டனைதான். வீட்டுப்பாடம் எழுதாதவன், பிரேயரில் பேசியவன், தேசிய கீதம் பாடும்போது மூக்கில் வந்து உட்கார்ந்த ஈயை விரட்டியவன், எல்லோரும் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் வெயிலில் முட்டி போட வேண்டும். மணலில் கிடக்கும் பொடிக்கல் முட்டியில் பதிந்து, எழுந்த பிறகும் குழி குழியாகத் தெரியும். போட வைத்தவர் பெரும்பாலும் என் அப்பா. திருப்பூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தார், நானும் அதே பள்ளியில்தான் படித்தேன், அதனால் எனக்குச் சலுகை எல்லாம் கிடையாது, இரண்டு நிமிடம் கூடுதல்.

அதனால்தான் 2016-ல் ஒரு அமெரிக்க விளையாட்டு வீரன் முட்டி போட்ட படம் டிவியில் வந்ததும் அம்மா எனக்கு போன் போட்டுக் கேட்டாள்: "ஏன்டா உங்க ஊர்ல ஒரு பையன் முட்டி போட்டிருக்கான், என்ன தப்பு பண்ணினான்?" அவன் தப்பு எதுவும் செய்யவில்லை, அவனாகவே போட்டான் என்று சொன்னேன். "அவனாவேயா?" என்றாள். அதற்கு மேல் எனக்கும் விளக்கத் தெரியவில்லை. நாங்கள் இங்கே வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

ஜூலை 2016-ல் வந்தோம். எச்-1பி விசா, நான்கு பெட்டி, ஆறு வயது மகள். கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் ஒரு படுக்கையறை வீட்டின் வாடகையைக் கேட்டு மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வந்திறங்கிய அதே வாரத்தில் லூசியானாவிலும் மின்னசோட்டாவிலும் அடுத்தடுத்த நாளில் இரண்டு கறுப்பின ஆண்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது, மறுநாள் டல்லாஸில் ஐந்து போலீஸ்காரர்களை ஒருவன் சுட்டுக் கொன்றான். ஜெட்லாக்கில் நடுராத்திரி விழித்துக்கொண்டு டிவி பார்த்தால் இதுதான் ஓடும். நம்ம ஊரில் இருந்து பார்த்த அமெரிக்கா வேறு, இது வேறு என்று தோன்றியது. சரி, நமக்கென்ன, வேலையைப் பார்ப்போம் என்றும் தோன்றியது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே லீவைஸ் ஸ்டேடியம். ஆட்ட நாளில் லைட் ரெயில் முழுக்க சிவப்புச் சட்டை, நம்ம ஊர் மாநாட்டுக்குப் போகும் லாரி மாதிரி. என் டீமில் ஒருவர், கறுப்பினத்தவர், ஓக்லாந்தில் பிறந்து வளர்ந்தவர், "வா, நீ ஒரு ஆட்டமாவது பார்க்க வேண்டும்" என்று ஆகஸ்ட் 26, வெள்ளிக்கிழமை, கூட்டிக்கொண்டு போனார். ஃபார்ட்டி நைனர்ஸுக்கும் கிரீன் பே பேக்கர்ஸுக்கும் சீசனுக்கு முந்தைய ஆட்டம். வாசலில் என் துணிப்பையை உள்ளே விடவில்லை, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பை மட்டும்தான் அனுமதியாம், திரும்பக் காருக்கு ஓடினேன். ஃபுட்பால் என்கிறார்கள், கால் பந்தில் படுவதே எப்போதாவதுதான்.

அமெரிக்க தேசிய கீதம் ஆரம்பித்தது. தொப்பிகள் இறங்கின, எல்லார் வலது கையும் நெஞ்சுக்குப் போனது. எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என் நாட்டுப் பாட்டு இல்லை, நெஞ்சில் வைத்தால் பொய், வைக்காவிட்டால் மரியாதைக்குறைவு. கடைசியில் அப்பா கற்றுக்கொடுத்தபடி கைகளை உடம்போடு ஒட்டி, விறைப்பாக அட்டென்ஷனில் நின்றேன். நம்ம 'ஜன கண மன' 52 வினாடியில் முடிந்துவிடும், இங்கே பாடுகிறவர் ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பாட, இரண்டு நிமிடம் போல ஆனது.

அந்த இரண்டு நிமிடத்தில்தான், அதே மைதானத்தில், ஃபார்ட்டி நைனர்ஸின் 7-ம் நம்பர் வீரர் காலின் கேப்பர்னிக் எழுந்திருக்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். நான் பார்க்கவே இல்லை. அங்கே இருந்தவர்களிலும் பெரும்பாலானவர்கள் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய ஆட்டங்களிலும் உட்கார்ந்திருக்கிறார், அப்போது யாரும் கவனிக்கவே இல்லை. அன்று ஒரு படம் இணையத்தில் போய், நிருபர் கேட்க, கறுப்பின மக்களை ஒடுக்கும் ஒரு நாட்டின் கொடிக்குப் பெருமைப்பட்டு என்னால் எழுந்து நிற்க முடியாது என்ற அர்த்தத்தில் அவர் சொல்ல, மறுநாள் காலை நாடே இரண்டாகப் பிளந்து கிடந்தது. நான் நேரில் பார்த்த ஒரே சரித்திர நிகழ்ச்சி, அதையும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 1 அன்று சான் டியேகோ ஆட்டத்தில் உட்காருவது மாறி, ஒற்றை முட்டி போடுவதாக ஆனது. அவரோடு எரிக் ரீட் என்ற இன்னொரு வீரரும் போட்டார். இந்த மாற்றத்துக்கு யோசனை சொன்னவர் நேட் போயர், அமெரிக்க ராணுவத்தின் கிரீன் பெரே படைப்பிரிவில் இருந்து பிறகு ஃபுட்பாலுக்கு வந்தவர். உட்கார்ந்தால் அலட்சியம் போலத் தெரிகிறது, செத்துப்போன தோழனின் கல்லறை முன்னால் சிப்பாய்கள் ஒரு முட்டியில் நிற்பார்கள், அப்படி நில் என்றார். ஆக, நாடே தேசத் துரோகம் என்று கத்திய அந்த முட்டி, ஒரு சிப்பாய் சொல்லிக்கொடுத்தது. தமிழ்ச் செய்திகளில் 'மண்டியிட்டார்' என்று போட்டிருந்தார்கள். நம்ம மொழியில் மண்டியிடுவது என்றால் தோற்றுப்போய்ச் சரணடைவது, இது அதற்கு நேர் எதிர். இதற்குச் சரியான தமிழ்ச் சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா இருந்தார், பழைய ராணுவக்காரர். காலையில் கொடியை வாசலில் மாட்டுவார், இருட்டும் முன் இறக்கி மடித்து உள்ளே கொண்டு போவார், ஒரு நாள் தவறியதில்லை. அவர் வீட்டு மரத்து எலுமிச்சை எங்களுக்கு வரும், ஊறுகாயாக அவருக்குத் திரும்பிப் போகும். பெயர் சொல்லிக் கூப்பிடு என்பார், எனக்கு வாயில் வரவே வராது, 'சார்' தான். அவர் அந்த வருடமே ஃபுட்பால் பார்ப்பதை நிறுத்திவிட்டார். "என் நண்பன் அந்தக் கொடியைப் போர்த்திக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான்" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? ஆபீஸில் இதை ஓக்லாந்துக்காரரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "என் தாத்தாவும் அதே கொடிக்காகத்தான் சண்டைக்குப் போனார், திரும்பி வந்து யூனிஃபார்மோடு பஸ்ஸில் கறுப்பினத்தவருக்கு ஒதுக்கிய பின் சீட்டில் உட்கார்ந்தார்" என்றார், பிறகு காபியை எடுத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

நேட் போயர் கதையைப் பக்கத்து வீட்டு சாரிடம் ஒரு நாள் சொன்னேன். கொஞ்ச நேரம் எலுமிச்சை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியாது" என்றார். "இருந்தாலும்..." என்று இழுத்தார். அவர் நிஜமாகவே கொதித்தது வேறொன்றுக்கு. 2015-ல் ஜான் மெக்கெய்ன், ஜெஃப் ஃப்ளேக் என்ற இரண்டு செனட்டர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மைதானங்களில் ராணுவ வீரர்களைக் கௌரவிப்பது, கொடி விரிப்பது போன்ற நிகழ்ச்சிகள் பலவற்றுக்குப் பாதுகாப்புத் துறை விளையாட்டு அணிகளுக்குப் பணம் கொடுத்திருக்கிறது, 68 லட்சம் டாலர் வரை என்று அதில் இருந்தது. இதை நான் சொன்னதும் அவர் முகம் சிவந்துவிட்டது. "காசு வாங்கிக்கொண்டா எங்களுக்குக் கை தட்டினார்கள்?" அன்று மாலை கொடியை வழக்கத்தை விடச் சீக்கிரமே இறக்கிவிட்டார்.

அந்த டிசம்பரில் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனோம். பணமதிப்பிழப்பு நேரம், மேளக்காரருக்குக் கொடுக்கச் சில்லறை நோட்டு கிடைக்காமல் ஏடிஎம் வரிசையில் நின்றதுதான் கல்யாணத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது. கல்யாணம் முடிந்து எல்லோரும் கோவையில் ஒரு படத்துக்குப் போனோம். நவம்பர் 30-ல் உச்ச நீதிமன்றம் தியேட்டர்களில் படத்துக்கு முன் தேசிய கீதம் கட்டாயம், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தது. அப்பாவுக்கு அப்போதே முட்டித் தேய்மானம். சீட் கைப்பிடியைப் பிடித்து அவர் எழுவதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. பின்னால் இருந்து ஒரு பையன், என்ன வயதிருக்கும், இருபது, "பெரியவரே, எந்திரிங்க, மரியாதை வேணாமா?" என்றான்.

முப்பது வருடம் தினமும் கொடிக்கம்பத்துக்கு முன்னால் நின்ற மனுஷன். படம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டுக்கொண்டு, "பள்ளிக்கூடத்துல நிக்கிறதும் பாப்கார்னை வச்சுக்கிட்டு நிக்கிறதும் ஒண்ணாடா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை, ஆனால் அந்தக் கொடிக்கம்பத்துப் பொடிக்கல்லை நினைத்துக்கொண்டேன் என்பது உண்மை. 2018 ஜனவரியில் அந்தக் கட்டாயத்தை நீதிமன்றமே தளர்த்தியது.

திரும்பி வந்தால் இங்கே ஆட்சி மாறி விசா பயம். 2017 செப்டம்பரில் அலபாமாவில் ஒரு கூட்டத்தில் டிரம்ப், முட்டி போடும் வீரர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டி, மைதானத்தை விட்டுத் துரத்த வேண்டும் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை இருநூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் முட்டி போட்டார்கள் அல்லது உட்கார்ந்தார்கள். கேப்பர்னிக் அதில் இல்லை. அந்த மார்ச்சில் ஒப்பந்தத்தை விட்டு வெளியே வந்தவரை அதற்குப் பிறகு எந்த அணியும் எடுக்கவில்லை, இன்றுவரை. வாட்ஸாப்பில் நம்மாட்கள் குழுவில் சண்டை தூள் பறந்தது. 'கோடி கோடியாகச் சம்பாதிக்கிறவனுக்கு என்ன ஒடுக்குமுறை' என்று ஒருவர். 'நாம் வந்த நாட்டுக்கு நன்றியோடு இருக்க வேண்டும், அவனுக்கு என்ன குறை' என்று இன்னொருவர். அவன் எங்கே வந்தான், அவன் இங்கேயே பிறந்தவன் என்று எழுதிவிட்டு, அனுப்பாமல் அழித்துவிட்டேன். யார் ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்களோ, விசா புதுப்பிக்கும்போது யார் கேட்பார்களோ. விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று யாராவது சொல்வோமா? அது வீட்டுப் பிள்ளை சொல்வது. நாங்கள் மைதானத்தில் அவ்வளவு விறைப்பாக நின்றதும் விருந்தாளி என்பதால்தான்.

மகளுக்குத்தான் இந்தப் பயம் எதுவும் இல்லை. அவள் பள்ளியில் காலையில் கொடியைப் பார்த்து விசுவாச உறுதிமொழி சொல்வார்கள். ஒரு நாள் ராத்திரி கேட்டாள்: "அப்பா, நான் இந்தக் கொடிக்குச் சத்தியம் பண்ணிட்டா இந்தியாவுக்கு டூ விட்ட மாதிரியா?" டீச்சரிடம் கேட்டோம். சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம் என்றார். பிறகு தேடிப் படித்தேன், 1943-ல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, மேற்கு வர்ஜீனியாவில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகள் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, கொடி வணக்கத்துக்குப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று. நம்ம பக்கமும் உண்டு. கேரளாவில் அதே சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், பாடவில்லை, பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1986-ல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். அப்பாவிடம் போனில் சொன்னேன். "நின்னாங்கல்ல, அப்புறம் என்ன?" என்றார். என் மகள் கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள்: கையை நெஞ்சில் வைத்து, வாயை மட்டும் அசைப்பது. ஏழு வயதிலேயே எங்களைவிட நன்றாகக் குடியேறிவிட்டாள்.

2018 கோடையில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். கோல்டன் கேட், கோயில், காஸ்ட்கோ எல்லாம் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் முதலாவதாகவும் மூன்றாவதாகவும் வந்த டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் இருவரும் அங்கே படித்தவர்கள். அமெரிக்க கீதம் ஒலிக்கும்போது தலையைக் குனிந்து, கறுப்புக் கையுறை போட்ட கையை உயர்த்தினார்கள், அதற்காகப் போட்டிகளை விட்டே அனுப்பப்பட்டார்கள். 2005-ல் அதே பல்கலைக்கழகம் அந்த மேடையை ஆளுயரத்துக்கு மேல் பெரிய சிலையாக வைத்திருக்கிறது. ஷூ இல்லாமல் கறுப்பு சாக்ஸோடு நிற்கிறார்கள். "ஷூ எங்கடா?" என்றாள் அம்மா. அவர்கள் மக்களின் வறுமையைக் காட்டக் கழற்றிவிட்டார்கள் என்றேன். அம்மா சிலையின் சாக்ஸைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்பா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "செகண்ட் வந்தவன் எங்கே?" என்றார். இரண்டாவது படி காலி. அதில் நின்றவர் பீட்டர் நார்மன், ஆஸ்திரேலியர், வெள்ளையர். அவர் கையை உயர்த்தவில்லை, அட்டென்ஷனில்தான் நின்றார், ஆனால் அந்த இருவரும் அணிந்த மனித உரிமைச் சின்னத்தைத் தானும் சட்டையில் குத்திக்கொண்டார். கையுறை ஒரு ஜோடிதான் இருந்தது, ஆளுக்கு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னவரும் அவர்தான். அதற்குப் பிறகு அவர் ஒலிம்பிக்கில் ஓடவே இல்லை. 2006-ல் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் ஆஸ்திரேலியா போய்ப் பெட்டியைத் தூக்கினார்கள். பார்க்க வருகிறவர்கள் ஏறி நிற்கட்டும் என்று, சிலையில் தன் இடத்தைக் காலியாக விடச் சொன்னவரும் அவரே.

"யார் வேணா நிக்கலாமா?" என்று அப்பா கேட்டார். நிற்கலாம் என்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு, முட்டியில் ஒரு கையை ஊன்றி மெல்ல ஏறினார். அவர் ஒரு கையையாவது தூக்குவார் என்று மகள் காத்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்தார், குதிகாலைச் சேர்த்தார், கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டார், பார்வை நேராக. அம்மா போனைத் திருப்பித் திருப்பி வைத்து மூன்று படம் எடுத்தாள், மூன்றிலும் ஸ்மித்தின் தலை இல்லை. இறங்குவதற்கு நானும் மகளும் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டியிருந்தது.