பதினொன்று கிடைத்தது, பன்னிரண்டாவது எங்கே?

கம்ப்யூட்டர் ஸ்க்ரீனில் ஒரு படம்: பாழடைந்த மாளிகையின் மாடி அறை. கால் உடைந்த நாற்காலி, தூசி படிந்த பியானோ, கவிழ்ந்து கிடக்கும் பெட்டிகள். கீழே பட்டியலில், படத்தில் தேட வேண்டிய பன்னிரண்டு பெயர்கள். பதினொன்றை ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். பன்னிரண்டாவது ஒரு பல்லி. அது பியானோவின் கால் செதுக்கலோடு செதுக்கலாக, அதே பழுப்பு நிறத்தில், தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணில் பட்டதும் வாயில் 'அட!' என்று வந்தால் நல்ல கேம். 'அடச்சே!' என்று வந்தால் சுமார் கேம். ஹிட்டன் ஆப்ஜெக்ட், அதாவது காட்சிக்குள் ஒளித்த பொருள்களைத் தேடிப் பிடிக்கும் கேம் வகையை எடைபோட இதைவிட நல்ல தராசு இல்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஆன் ட்ரீஸ்மன், கேரி ஜெலேட் என்ற இரு உளவியலாளர்கள் 1980-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு விடை இருக்கிறது. பச்சை எழுத்துகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு எழுத்து இருந்தால் அது தானாகவே கண்ணில் குத்தும். சுற்றிலும் பத்து இருந்தாலும் முப்பது இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் நிறமும் வடிவமும் சேர்ந்த ஒன்றைத் தேடச் சொன்னால், கண் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுத்தான் போக வேண்டும். கூட்டம் கூடக்கூட நேரமும் கூடும். நல்ல ஓவியர் இந்த இரண்டாவது வழியில் ஒளிப்பார். பல்லி முழுசாக, தெளிவாக, கண்ணெதிரே இருக்கும். அதன் நிறத்தை நாற்காலியும் வளைவைச் செதுக்கலும் பங்குபோட்டுக்கொண்டிருக்கும். சோம்பேறி ஓவியரோ கறுப்பு நிழலில் கறுப்புக் குடையை வைத்து, முக்கால்வாசியைத் திரைச்சீலையால் மூடி, கைப்பிடி நுனியை மட்டும் காட்டுவார். அது ஒளிப்பது இல்லை, ஏமாற்றுவது.

பிக் ஃபிஷ் நிறுவனத்தின் மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ் வரிசையில் முதல் கேமான ஹன்ட்ஸ்வில் 2005-இல் வந்தபோது கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 2008-இல் வந்த ரிட்டர்ன் டு ரேவன்ஹர்ஸ்ட் அந்தக் கடிகாரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, அறை அறையாக நடந்து, சாவி எடுத்து, பூட்டுத் திறக்கும் அட்வெஞ்சர் பாணிக்கு மாறியது. இன்று போலந்தின் ஆர்டிஃபெக்ஸ் முண்டி போன்ற நிறுவனங்கள் செய்வதும் இந்தக் கலவைதான். இந்த வகையின் சுகம் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது என்பேன். யாரும் துரத்துவதில்லை. பாதியில் எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாலும் பல்லி அங்கேயேதான் இருக்கும். 2012-இல் வந்த கிரிமினல் கேஸ் போன்ற இலவச கேம்களில் இந்த நிதானம் கிடையாது. விளையாடத் தேவையான எனர்ஜி தீர்ந்தால் அது நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும், நட்சத்திரத்துக்காக அதே அறையைத் திரும்பத் திரும்ப வேகமாகத் துழாவ வேண்டும். அது வேறு விளையாட்டு.

தேடுவதற்கு ஒரு முறை உண்டு. பட்டியலின் முதல் பெயரைப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரீன் முழுக்க அலைய வேண்டாம். பன்னிரண்டையும் ஒருமுறை படித்துவிட்டு, ஸ்க்ரீனை மனதில் நான்காகப் பிரித்து, ஒவ்வொரு கால்வாசியிலும் அங்கே எதெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். பெயரை விட்டுவிட்டு வடிவத்தைத் தேடுங்கள்: கத்தரிக்கோல் என்றால் இரண்டு வளையம், ஏணி என்றால் இணைகோடுகள். அளவை நம்பாதீர்கள்; யானை கட்டைவிரல் அளவில் இருக்கும், பொத்தான் தட்டு அளவில் இருக்கும். கடைசி ஒன்று சிக்கவில்லை என்றால் சுவரில் மாட்டிய படத்துக்குள், துணியின் பூவேலைக்குள், ஸ்க்ரீனின் நான்கு ஓரங்களில் பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால் இரண்டு நிமிடம் வேறெங்காவது பார்த்துவிட்டு வாருங்கள். கண் ஒரே தடத்தில் ஓடிக்கொண்டிருந்ததுதான் பெரும்பாலும் காரணம். கண்டபடி கிளிக் செய்தால் மட்டும் வேலைக்கு ஆகாது: பல கேம்களில் நாலைந்து தப்பான கிளிக்கிலேயே கர்சர் சில விநாடிகள் முடங்கிவிடும்.

பட்டியலில் வேறு நிறத்தில் இருக்கும் பெயர்கள் நேரடியாகக் கிடைக்காது. பெட்டியைத் திறக்க வேண்டும், அல்லது இரண்டு பொருளைச் சேர்க்க வேண்டும்: தீக்குச்சியை மெழுகுவர்த்தியில் வைத்தால்தான் 'எரியும் மெழுகுவர்த்தி' கிடைக்கும்.

ஆங்கிலப் பட்டியலில் இன்னொரு கண்ணி: ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். 'போ' (bow) என்றால் வில்லும் உண்டு, ரிப்பன் முடிச்சும் உண்டு. 'பேட்' மட்டையா வௌவாலா, 'நெயில்' ஆணியா நகமா, 'க்ளப்' தடியா சீட்டுக்கட்டின் க்ளாவரா? மட்டையைத் தேடிச் சலித்தவர்கள் கூரை மூலையைப் பாருங்கள்.

அட்வெஞ்சர் பாதியில் 'அடச்சே' வேறு வேஷத்தில் வரும். கையில் கத்தி இருக்கும், கயிற்றை அறுக்க விடாது; கத்தரிக்கோல்தான் வேண்டுமாம். அந்தக் கத்தரிக்கோலும் கயிற்றை ஒருமுறை வெட்டியதும் மாயமாகிவிடும். இங்கே தர்க்கம் பேசிப் பயனில்லை. மேப்பைத் திறந்து, வேலை பாக்கி இருக்கும் இடங்களில் தெரியும் குறியைப் பார்த்து நேராக அங்கே போவதே வழி.

நடுவே வரும் புதிர்கள் பெரும்பாலும் பழைய முகங்கள். பெரிய வட்டு சிறியதன் மேல் ஏறாமல், மூன்று கம்பிகளுக்கிடையே வட்டுகளை ஒவ்வொன்றாக மாற்றும் ஹனோய் கோபுரத்தில் நான்கு வட்டு என்றால் 15 நகர்வு, ஐந்து என்றால் 31. அதற்குக் குறைவாக முடியவே முடியாது. ஐந்து லிட்டர், மூன்று லிட்டர் குடுவைகளை வைத்து நான்கு லிட்டர் அளக்கச் சொன்னால், ஐந்தை நிரப்பி மூன்றில் ஊற்றுங்கள், இரண்டு மிஞ்சும். மூன்றைக் கொட்டிவிட்டு அந்த இரண்டை அதில் விடுங்கள். மறுபடி ஐந்தை நிரப்பி, மூன்றில் பாக்கி இருக்கும் ஒரு லிட்டர் இடத்தை நிரப்பினால் ஐந்தில் நான்கு நிற்கும். ஒரு விளக்கை அழுத்தினால் பக்கத்து விளக்குகளும் மாறும், எல்லாவற்றையும் அணைக்க வேண்டிய புதிரில் எதை முதலில் அழுத்துகிறோம் என்பது முக்கியமில்லை, ஒன்றை இரண்டு முறை அழுத்துவது அழுத்தாததற்குச் சமம். மேல் வரிசையில் எரியும் ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே இருப்பதை அழுத்தி, வரிசை வரிசையாக இறங்குங்கள். அடி வரிசையில் மட்டும் மிச்சம் நின்றால், மேல் வரிசையில் ஏதாவது ஒன்றை அழுத்தி மறுபடி இறங்கிப் பாருங்கள்.

கஷ்ட அளவைத் தொடக்கத்திலேயே யோசித்துத் தேர்ந்தெடுங்கள். எளிய முறையில் ஹிண்ட், அதாவது பொருளைக் காட்டிக்கொடுக்கும் பட்டன், சீக்கிரம் நிரம்பும், ஆனால் தொட வேண்டிய இடமெல்லாம் மின்னும். தேடும் சுகம் போய்விடும். நடு முறையே நல்லது.

பழைய கேம்கள் 800×600 போன்ற 4:3 அளவில் வரையப்பட்டவை. அகலத் திரையில் இழுத்துப் போட்டால் வட்டத் தட்டு நீள்வட்டமாகும், வடிவத்தை வைத்துத் தேடுவது கெடும். செட்டிங்ஸில் அகலத்திரைக்கு என்று ஒரு டிக் இருந்தால் மாற்றிப் பாருங்கள். இருபக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் பரவாயில்லை, படம் சரியாக இருக்கும். திறந்ததும் வெறும் கறுப்புத் திரை என்றால், முழுத்திரையை விட்டு ஜன்னல் முறையில் ஓட்டிப் பாருங்கள்.

கலெக்டர்ஸ் எடிஷன், அதாவது கூடுதல் அம்சங்கள் உள்ள சிறப்புப் பதிப்பு, வாங்கியவர்களுக்கு ஒன்று. சில நொடிக்கு ஒருமுறை உருமாறும் பொருள்கள் பல காட்சிகளில் இருக்கும்: குவளை பூச்சாடியாகும், மறுபடி குவளையாகும். அவற்றையும் தேடிப் பிடிக்க வேண்டும். அத்தியாயம் முடிந்தால் பல கேம்களில் அந்த அறைக்குத் திரும்ப முடியாது. அதனால் கடைசிக் கதவைத் திறக்கும் முன் ஒவ்வொரு அறையிலும் மவுஸை விட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அரை நிமிடம் சும்மா பாருங்கள்.