திரும்பி எந்த வழியாக வரும்?

நான் தனிப்பொறுப்பில் வடிவமைத்த முதல் சர்க்யூட் போர்டு, ஒரு யூஎஸ்பி ஆடியோ பெட்டிக்கானது. கரண்ட் திரும்பி வரும் பொதுப் பாதைதான் கிரவுண்ட்; அனலாக் கிரவுண்டையும் டிஜிட்டல் கிரவுண்டையும் பிரித்தே வைக்க வேண்டும் என்று சீனியர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். நான்கு தாமிர லேயர் போர்டு அது; உள்ளே இருந்த இரண்டும் பிளேன், அதாவது லேயர் முழுக்கப் பரவிய தாமிரம். இரண்டாம் லேயரின் கிரவுண்ட் பிளேனையும் மூன்றாம் லேயரின் பவர் பிளேனையும் நடுவே 2 மி.மீ. பிளந்து, கிரவுண்டை பவர் நுழையும் ஓரத்தில் மட்டும் இணைத்தேன். திரையில் பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது.

பெட்டி வெளிவிடும் ரேடியோ அலைகளை அளக்கும் கதிர்வீச்சுச் சோதனையில் 122.88 மெகாஹெர்ட்ஸில் ஒரு முள் எழுந்து, அதற்கான சர்வதேசத் தரமான சிஸ்பர் 32-இன் கிளாஸ் பி வரம்பைத் தாண்டி நின்றது. எண்ணைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அனலாக் ஒலியை டிஜிட்டலாக்கும் ஏடிசி சிப்புக்குப் போகும் 24.576 மெகாஹெர்ட்ஸ் கிளாக் சிக்னலின் ஐந்தாவது ஹார்மோனிக், அதாவது அதன் ஐந்து மடங்கு அதிர்வெண். இரைச்சலை அடக்கும் ஃபெரைட் மாட்டினோம், சீரீஸ் ரெசிஸ்டரை மாற்றினோம். லேசாக அசைந்ததே தவிர இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் டீம் லீட் வெறும் போர்டு ஒன்றை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தாமிரம் இல்லாத பிளவு வெளிச்சக் கோடாகத் தெரிந்தது. அதன் குறுக்கே மெல்லிய நிழலாக என் கிளாக் ட்ரேஸ், அந்த சிக்னல் ஓடும் தாமிரக் கோடு.

“இது போகுது, சரி. திரும்பி எந்த வழியா வரும்ப்பா?” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. இந்த அதிர்வெண்ணில் திரும்பும் கரண்ட் ட்ரேஸுக்கு நேர் கீழேயே ஓடப் பார்க்கும். அதுதான் இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் தன்மை) குறைந்த வழி. நான் அதை வெட்டிவிட்டதால் போர்டின் ஓரம்வரை போய்ச் சுற்றி வந்தது. அந்தச் சுற்று முழுக்க ஆன்டெனா. பிளவின் இரு பக்கமும் எழுந்த மின்னழுத்த வேறுபாடு மைக் கேபிளையும் இயக்கியது. 122.88 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் ஏறத்தாழ 61 செ.மீ.தான், எங்கள் கேபிள் அதைவிட நீளம்.

சோதித்த போர்டிலேயே ட்ரேஸின் மேல் மின்சாரம் கடத்தாத கேப்டான் டேப் ஒட்டினேன். இரு பக்கமும் மேல் லேயர் கிரவுண்டின் பச்சைப் பூச்சைக் கத்தியால் சுரண்டி, தாமிர டேப்பைப் பாலமாக வைத்து சோல்டர் செய்தேன். உமிழ்வை உணரும் ப்ரோபை அந்த இடத்தில் வைத்ததும் முள் சரிந்தது. கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்த பதிப்பில் பிளவே இல்லை. ஒரே முழு கிரவுண்ட். அனலாக் பாகங்கள் ஒரு பக்கம், டிஜிட்டல் மறு பக்கம், நடுவில் ஏடிசி. கிளாக் லேயர் மாறும் இடத்தில் பக்கத்திலேயே ஒரு கிரவுண்ட் வயா, அதாவது லேயர்களை இணைக்கும் தாமிரத் துளை. பாகங்களை ஒழுங்காகப் பிரித்து வைத்தால் பிளேனைப் பிரிக்கும் தேவை பெரும்பாலும் வராது என்பது இன்றும் என் கருத்து. அப்போது எனக்கிருந்த ஒரே பயம், ஏடிசியின் இரைச்சல் கூடிவிடுமோ என்பது. போர்டு வந்த அன்று ராத்திரியே அளந்து பார்த்தேன். கூடவில்லை.