படுக்கையில் தொடங்கிய பாட்டு

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த பெல் அண்ட் செபாஸ்டியன் என்ற இண்டி (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத) இசைக்குழுவின் முன்னணிப் பாடகர் ஸ்டூவர்ட் மர்டாக், இளமையில் நாட்பட்ட களைப்பு நோயால் ஏறத்தாழ 7 ஆண்டுகள் வேலைக்குப் போக முடியாமல் முடங்கிக் கிடந்த காலத்தில்தான் பாட்டெழுதத் தொடங்கினார். குழுவின் முதல் தொகுப்பான டைகர்மில்க்கை, 1996-இல் ஸ்டோ கல்லூரியின் இசை வணிக மாணவர்கள் தங்கள் படிப்பின் ஒரு பகுதியாக, வினைல் தட்டுகளாக வெளியிட்டார்கள். அச்சிட்டது வெறும் 1,000 பிரதிகள் என்பதால், பலருக்கு அது கேசட்டில் பதிந்த நகலாகவே கைமாறிக் கிடைத்தது.

1999-இல் குழுவுக்குச் சிறந்த புதுமுகத்துக்கான பிரிட் விருது (பிரிட்டனின் இசை விருது) வந்தது. அதன் பிறகும் மர்டாக், தான் வசித்துவந்த ஒரு தேவாலயக் கூடத்தின் மாடியிலேயே குடியிருந்து, கூடத்தைப் பராமரிக்கும் வேலையையும் விடாமல் பார்த்தார். உரக்கக் கத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பாடுவதுதான் (எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்) அவருடைய பலம். நோய் இன்னும் முழுதாக விலகவில்லை. அதே நோயால் அவதிப்படுபவர்களுக்காக அவர் வெளிப்படையாகக் குரல் கொடுத்தும் வருகிறார்.