நாக் மறுமதிப்பீடு: ஐந்தாண்டுச் சான்றுகளைத் திரட்டிய அனுபவம்

எங்கள் பல்கலைக்கழகத்தின் தரச்சான்று காலாவதியாவதற்கு முன்பே, உள்தர உறுதிப் பிரிவில் இருந்த எனக்கு மறுமதிப்பீட்டுக்கான தரவுகளைத் தொகுக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடுவதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 1994-இல் நிறுவிய நாக் (தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு), 2017-இல் அறிமுகப்படுத்திய முறையின்கீழ் நாங்கள் விண்ணப்பித்தோம். அம்முறையில் மதிப்பெண்ணின் சுமார் 70 விழுக்காடு எண்சார்ந்த தரவுகளைப் பொறுத்திருந்ததால், நாக் அனுப்பும் ஆய்வுக்குழு வளாகத்துக்குள் கால் வைப்பதற்கு முன்பே முடிவின் பெரும்பகுதி உருவாகிவிட்டிருந்தது. சுவர்களுக்கு வண்ணம் பூசுவதே ஆயத்தம் என்று நினைத்தவர்களுக்கு இதைப் புரியவைப்பதே முதல் வேலையாக இருந்தது.

அம்முறையில் மதிப்பீடு ஏழு அளவுகோல்களின்படி நடைபெற்றது. பல்கலைக்கழகத்துக்குரிய 1000 மதிப்பெண்களில் ஆராய்ச்சி, புத்தாக்கம், விரிவாக்கப் பணி ஆகியவற்றுக்கு 250, கற்பித்தலுக்கும் தேர்வுமுறைக்கும் 200. ஆகவே எங்கள் உழைப்பும் அங்கேயே குவிந்தது. ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலைத் துறைகள் தயங்காமல் தந்தன. ஆனால் ஆய்வுத்திட்ட நிதிக்கான ஒப்புதல் கடிதம், தணிக்கை செய்யப்பட்ட கணக்கில் அதே தொகை இடம்பெற்றிருப்பதற்கான பக்கம் ஆகியவற்றைக் கேட்டபோது, ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் அலமாரிகள் வரை தேட வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, மாணவர் எண்ணிக்கை கல்வியாண்டின்படியும் செலவுக் கணக்கு நிதியாண்டின்படியும் கட்டுரைகள் நாட்காட்டி ஆண்டின்படியும் கணக்கிடப்படுவதால், ஒரே துறையின் எண்கள் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றின. எந்த எண் எந்த ஆண்டுமுறையைச் சேர்ந்தது என்பதை ஒவ்வொரு அட்டவணையின் தலைப்பிலும் எழுதிவைத்த பிறகே குழப்பம் தணிந்தது.

பல்கலைக்கழகம் தன்னைப் பற்றித் தானே தயாரிக்கும் தன்னாய்வு அறிக்கையைப் பதிவேற்றிய பின் வந்த தரவுச் சரிபார்ப்புதான், என் கணிப்பில், அந்த நடைமுறையின் மிகக் கடினமான கட்டம். சான்றில்லாத எண் ஏற்கப்படவில்லை. குறுகிய காலக்கெடுவுக்குள் விளக்கமும் ஆவணமும் அளிக்க வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் நாக் அமைப்புக்கு அனுப்பும் தர அறிக்கையைப் பொறுப்புடன் நிரப்பியிருந்த துறைகள் இக்கட்டத்தை எளிதாகக் கடந்தன; அதை வெறும் சம்பிரதாயமாகக் கருதிய துறைகள் விடுமுறை நாட்களிலும் அலுவலகம் வந்தன. மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பு மின்னஞ்சல்வழி நடந்ததால், மாணவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொண்டோம்.

ஒப்பிட்டுப் பார்த்தால் ஆய்வுக்குழுவின் வருகை இலகுவானதே. துறைத்தலைவர்கள் மனப்பாடம் செய்திருந்த உரைகளைக் குழுவினர் பொறுமையுடன் கேட்டனர். மாணவர்களையும் பெற்றோரையும் முன்னாள் மாணவர்களையும் சந்தித்தபோது மட்டும் கேள்விகளை நீட்டினர். ஆய்வகப் பதிவேட்டில் கடைசியாகக் கையொப்பமிட்ட தேதியைப் பார்ப்பது போன்ற சிறு சோதனைகளும் இருந்தன. நிறைவுக் கூட்டத்தில் குழுவின் அறிக்கை துணைவேந்தரிடம் ஒப்படைக்கப்பட்டது. தரநிலை பின்னர் நாக் அமைப்பால் அறிவிக்கப்பட்டது. அதற்காகக் காத்திருந்த நாட்களிலேயே, நடப்பாண்டின் தர அறிக்கைக்கான படிவங்களை, இம்முறை சான்றுகளையும் உடன் இணைக்கும் ஏற்பாட்டுடன், எல்லாத் துறைகளுக்கும் அனுப்பிவிட்டோம்.